பாதியில் நிறுத்திய படத்தின் மீதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் சிறுவர் திரையிடல் குழுவினருக்கும் நமது குடியிருப்பின் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நமது சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்காகப் போடப்பட்ட ‘கோரலைன்’ என்ற ஸ்டாப் மோஷன் படம் (பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து உயிரூட்டும் வகை) பாதியில் நிறுத்தப்பட்டதையும், அதைத் தொடர்ந்து சங்கம் வெளியிட்ட சுற்றறிக்கையையும் முன்வைத்து இந்த மடலை எழுதுகிறேன். அந்தப் படம் குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்றும், இனி ‘மனத்துக்கு இதமான, நல்ல கருத்துள்ள’ படங்கள் மட்டுமே திரையிடப்படும் என்றும், படத்தைத் தேர்ந்தெடுத்த கல்லூரி மாணவி குழுவிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்றும் சுற்றறிக்கை கூறுகிறது. இம்முடிவுகளின் பின்னே இருக்கும் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்று பயந்துபோன பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவுமே உதவாது. அவர்களுக்கு உதவக்கூடியது ஒன்றுதான்: நிறுத்திய இடத்திலிருந்து படத்தின் மீதியை, பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போட்டுக் காட்டுவது. இந்த மடலில் நான் கேட்பதும் அதைத்தான்.

சுற்றறிக்கை அதைப் ‘பேய்ப்படம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதால், பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லியாக வேண்டும். பதினொரு வயதுப் பெண் கோரலைன், மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஓரிகன் மாநிலத்தில் உள்ள ஒரு பழைய இளஞ்சிவப்பு வீட்டுக்குப் பெற்றோருடன் குடிவருகிறாள். அம்மாவும் அப்பாவும் தோட்டக்கலை விலைப்பட்டியலுக்கு எழுதுகிறவர்கள். இருவருமே கணினியை விட்டுத் தலை நிமிராதவர்கள். மண்ணைத் தொடவும் பிடிக்காதவர்கள். அந்த வீட்டுச் சுவரில், ஒட்டுத்தாளுக்கு அடியில், ஒரு சிறிய கதவு இருக்கிறது. பகலில் திறந்தால் செங்கல் சுவர். இரவில் திறந்தால் ஒரு சுரங்கவழி. அதன் மறுமுனையில் அதே வீடு, அதே சமையலறை, அதே அம்மா. ஆனால் இந்த அம்மா ருசியாகச் சமைக்கிறாள், சிரிக்கிறாள், விளையாட வருகிறாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான் தைத்திருக்கிறாள். இங்கேயே தங்கிவிடுகிறாயா என்று கேட்டு, ஒரு சிறிய பெட்டியில் இரண்டு பொத்தான்களையும் ஊசியையும் நூலையும் வைத்து மேசையின் குறுக்கே நகர்த்துகிறாள். கோரலைன் மறுக்கிறாள். ‘மற்ற அம்மா’ மெல்ல நீண்டு, எலும்பும் நரம்புமாக வளர்ந்து, அவளது மூக்கைப் பிடித்து இழுத்துச் சென்று, அன்பான மகளாக நடந்துகொள்ளக் கற்ற பிறகு வெளியே வரலாம் என்று சொல்லி, ஒரு நிலைக்கண்ணாடிக்குள் தள்ளி அடைத்துவிடுகிறாள். உள்ளே இருட்டு. அந்த இருட்டில், முன்னர் இப்படியே ஏமாந்து கண்களையும் உயிரையும் பறிகொடுத்த மூன்று குழந்தைகளின் ஆவிகள்.

சரியாக அந்த இடத்தில், முன்வரிசையில் இருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் சிலர் வீறிட்டு அழ, யாரோ ஓடிவந்து ப்ரொஜெக்டரை அணைத்தார்கள். விளக்குகள் எரிந்தன, பிஸ்கட் பாக்கெட் வழங்கப்பட்டது, பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அழுகிற குழந்தையைப் பார்த்து அப்படிச் செய்தவரை நான் குறைசொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் கை அங்கேதான் போயிருக்கும். ஆனால் விளைவு என்ன என்று பாருங்கள். ஏறத்தாழ நூறு நிமிடப் படத்தில் பாதிதான் ஓடியிருந்தது. அந்தப் பாதியில் இருப்பது முழுக்க முழுக்க அச்சத்தின் வளர்ச்சி. அதற்கான மருந்து மறு பாதியில் இருக்கிறது. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை கோரலைன் இன்னும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அடைபட்டுக் கிடக்கிறாள். ‘மற்ற அம்மா’ வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல என்பதற்கு நமது வாட்ஸ்அப் குழுவிலேயே சான்று உண்டு. அன்றிரவு முதல் தன் மகன் படுக்கும் முன் தன் கண்ணிமைகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறான் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு எந்தப் படத்தையும் காட்டக் கூடாது என்பதற்கு ஆதாரமாக அந்தச் செய்தி பலமுறை பகிரப்பட்டது. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. அந்தச் சிறுவனுக்குக் கதையின் சிக்கல் நன்றாகவே விளங்கியிருக்கிறது: அம்மாவைப் போலவே இருக்கும் ஒருத்தி அம்மாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோரலைனுக்கு இருந்த ஒரே வழி கண்களைப் பார்ப்பது. அவனும் அதையேதான் செய்கிறான். அவள் எப்படித் தப்பினாள் என்பது மட்டும் அவனிடம் இன்னும் சொல்லப்படவில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டிலேயே, ‘மற்ற அம்மா’வால் செய்யப்பட்டு, எப்போதும் சிரிக்கும்படி வாய் தைக்கப்பட்ட ஒரு சிறுவன் கோரலைனைக் கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே இழுக்கிறான். அவள் தப்பி வீடு திரும்பினால் அங்கே பெற்றோரைக் காணவில்லை, அவர்கள் பிடிபட்டுவிட்டார்கள். அவள் மீண்டும் அந்தக் கதவு வழியாகத் தானாகவே போகிறாள். வலிமையால் வெல்ல முடியாதவளை விளையாட்டுக்கு இழுக்கிறாள்: மூன்று ஆவிகளின் கண்களையும் தன் பெற்றோரையும் கண்டுபிடித்தால் எல்லோரையும் விட்டுவிட வேண்டும், தோற்றால் பொத்தானைத் தைத்துக்கொள்கிறேன் என்று பந்தயம் கட்டுகிறாள். அந்தத் தேடலில் ஒரு காட்சி இருக்கிறது. ‘மற்ற அப்பா’வை ஓர் இயந்திரப் பூச்சியின் மேல் உட்காரவைத்து, அவர் கைகளையே இயந்திரம் ஆட்ட, மகளைத் துரத்தும்படி ஏவியிருக்கிறாள் ‘மற்ற அம்மா’. பூசணிக்காய் போல உப்பித் தளர்ந்துபோன அந்தப் பொம்மை மனிதர், மன்னிப்புக் கேட்டபடியே துரத்துகிறார். கடைசியில் இயந்திரத்தின் பிடியிலிருந்து ஒரு கையைப் பிய்த்து விடுவித்து, அவள் தேடிவந்த பொருளை அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்கிப்போகிறார். தீமையால் செய்யப்பட்ட பொம்மைகூடப் பிள்ளையின் பக்கம் சாயலாம் என்று காட்டும் அந்தக் காட்சியை, பயமுறுத்தும் படம் என்று நாம் அணைத்து வைத்த பகுதியில்தான் விட்டுவிட்டோம். முடிவில் கோரலைன் பெற்றோரை மீட்கிறாள், ஆவிகளை விடுவிக்கிறாள், துரத்தி வந்த, ‘மற்ற அம்மா’வின் துண்டான ஊசிக்கையைத் தன் நண்பனோடு சேர்ந்து பாழுங்கிணற்றில் போட்டு மூடுகிறாள். மறுநாள் அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து தோட்டத்தில் துலிப் கிழங்குகளை நடுகிறார்கள். மண்ணைத் தொடாத அந்த அப்பாவும் அம்மாவும்கூட நடுகிறார்கள்.

பெரியவர் எவரும் வந்து காப்பாற்றாமல், பதினொரு வயதுப் பெண் தன் புத்தியால் தன் தாய்தந்தையரைக் காப்பாற்றும் கதை இது. பெரியவர்களாகிய நாம் இதை ஆபத்தில் சிக்கிய குழந்தையின் கதையாகப் பார்த்துப் பதறுகிறோம். பிள்ளைகள் அதே கதையை வீரசாகசமாகப் பார்க்கிறார்கள்.

இப்படத்துக்கு மூலமான நாவல் 2002இல் வெளிவந்தது. அதை எழுதியவர் கையெழுத்துப் பிரதியைக் காட்டியபோது, குழந்தைகளுக்கு இது மிகவும் பயங்கரம் என்ற தயக்கம் பதிப்புத் தரப்பில் எழுந்ததாம். உங்கள் மகள்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அவர் தமது இலக்கிய முகவரிடம் சொல்ல, பிள்ளைகள் பயப்படாமல் கேட்டார்கள் என்பதால் அது சிறுவர் நூலாகவே வந்தது. பல ஆண்டுகள் கழித்து, அந்த மகள்களில் இளையவர் அவரிடம் உண்மையைச் சொன்னார்: உண்மையில் தான் நடுங்கிப்போனதாகவும், அதை வெளியே காட்டினால் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள், பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாமலே போய்விடும் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை என்றும். நாவலாசிரியரே பலமுறை சொன்ன நிகழ்ச்சி இது. நம் கூடத்தில் பின்வரிசைகளில் இருந்த எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் நிலையும் அதுதான். அவர்கள் அழவில்லை. விளக்கெரிந்தபோது “ஐயோ” என்று சலித்துக்கொண்டார்கள். அவர்களுடைய அந்த ஏமாற்றத்தைச் சுற்றறிக்கை ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை.

இதுபோன்ற கதை நமக்குப் புதிதா என்றால், இல்லை. பூதனை கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அழகிய பெண்ணாக உருமாறி, தாயைப் போல மடியில் எடுத்து, நஞ்சு பூசிய முலையைக் குழந்தைக்குக் கொடுக்க வந்தவள் அவள். ஆழ்வார்கள் பேய்ச்சி என்று பாடிய அந்தப் பொய்த்தாயைவிட அச்சமூட்டும் உரு எந்த வெளிநாட்டுப் படத்திலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறூட்டும்போதே அதைச் சொல்கிறோம். பிள்ளையும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் கண்ணன் அவள் உயிரையே உறிஞ்சிவிடுகிறான் என்பதுவரை அந்தக் கதை சொல்லப்படுகிறது. ‘பூதனை குழந்தையை மடியில் எடுத்தாள், சரி, நீ போய்த் தூங்கு’ என்று எந்தப் பாட்டியும் பாதியில் எழுந்து போனதில்லை. (பிள்ளைகளைப் பயமுறுத்தலாமா என்று மிகக் கடுமையாக எழுதியிருந்த பெரியவர் ஒருவர், மாலை வேளைகளில் பேரனிடம் பூச்சாண்டியையும் பிள்ளை பிடிக்கிறவனையும் காவலுக்கு வைத்துக்கொண்டுதான் பருப்புச் சோறு ஊட்டுகிறார் என்பதைப் பூங்காவில் நடப்பவர்கள் எல்லோரும் அறிவோம். பூச்சாண்டிக்கோ முடிவே கிடையாது, நாளைக்கும் வருவான்.)

“பொம்மைப் படம்தானே என்று நம்பி அனுப்பினோம்” என்பது பெற்றோர் பலரின் குறை. பொம்மை என்றால் பாப்பாக்களுக்கு என்று நாமாகவே வைத்துக்கொண்ட கணக்கில்தான் அன்றைய பிழை தொடங்கியது. ஸ்டாப் மோஷன் படம், வரைந்த கார்ட்டூனையும் கணினியில் செய்த அனிமேஷனையும்விட இயல்பிலேயே ஒரு படி கூடுதலாக நெஞ்சைத் தொந்தரவு செய்யக்கூடியது. அதில் தெரிவது அனைத்தும் மேசை மேல் உண்மையாகவே இருந்த பொருள்கள். கோரலைன் பொம்மை ஓர் அடிக்கும் குறைவான உயரம் கொண்டது; அவள் போட்டிருக்கும் ஸ்வெட்டர், முடியிழை போன்ற மெல்லிய ஊசிகளால் உண்மையாகவே பின்னப்பட்டது; தோட்டத்து மரத்தின் பூக்களுக்குச் சாயம் பூசிய சோளப்பொரியைப் பயன்படுத்தினார்கள். ஒரு பொம்மையைச் சற்றே நகர்த்தி ஒரு படம் எடுத்து, மீண்டும் நகர்த்தி மீண்டும் எடுத்து, வினாடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம் அடுக்கினால்தான் அது கண்ணிமைக்கும், நடக்கும். முகபாவங்களுக்காக, முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்த ஆயிரக்கணக்கான முகப் பகுதிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். உயிரற்றது என்று நன்கு தெரிந்த ஒரு பொருள், மெய்யான வெளிச்சத்தில், மெய்யான நிழல் விழ, நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் எர்ன்ஸ்ட் யென்ச் 1906இல் எழுதிய கட்டுரை இந்த இனம்புரியாத கலக்கத்தைத்தான் ஆராய்ந்தது: எதிரே இருப்பது உயிருள்ளதா இல்லையா என்று மனம் உறுதிசெய்துகொள்ள முடியாத கணம். 1919இல் ஃபிராய்ட் அதை மறுத்து, அச்சத்தின் வேர் கண்களை இழப்பதில் இருக்கிறது என்றார். அவர் எடுத்துக்கொண்டதும், தூங்காத குழந்தைகளின் கண்களைப் பிடுங்கிச் செல்பவனைப் பற்றிய ஒரு பழைய கதையைத்தான். நமது சிற்பிகள் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகக் கண் திறப்பதை வைத்திருப்பதும் இதை அறிந்துதான் என்று நினைக்கிறேன். இந்தப் படம் எடுத்தவர்கள் யென்ச்சையும் ஃபிராய்டையும் ஒரே பொத்தானில் கோத்துவிட்டார்கள்.

அதுவும் எவ்வளவு நிதானமாக! படத்தை இயக்கிய ஹென்றி செலிக், மெய்யான வீட்டின் சமையலறையையும் பொய்யான வீட்டின் சமையலறையையும் தனித்தனியே கட்டினார். முதலாவது நெருக்கமானது, ஆழமற்றது, சாம்பல் நிறம். அங்கே சுவர்கள் நம் மேல் சாய்வது போல இருக்கும். இரண்டாவது, பார்ப்பதற்கு அதே அறைதான் என்றாலும், பின்னோக்கி விரிந்து கொடுக்கும். விளக்கொளி வெதுவெதுப்பாக இருக்கும். முப்பரிமாணக் கேமராவில் முழுநீளமாக எடுக்கப்பட்ட முதல் ஸ்டாப் மோஷன் படம் இது என்ற சாதனையை அவர் பகட்டுக்குப் பயன்படுத்தாமல், ஒரு பிள்ளைக்கு எந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது, எந்த வீட்டில் இடம் இருக்கிறது என்று காட்டப் பயன்படுத்தினார். ஓர் அரக்கி தோன்றுவதற்கு வெகு நேரம் முன்பே, அந்த நல்ல சாப்பாடும் நல்ல வெளிச்சமும்தான் பார்ப்பவரைச் சங்கடப்படுத்துகின்றன. தலை நிமிராத பெற்றோரைவிடப் பொத்தான்கண் அம்மா மேலாகத் தெரிகிறாள் என்பதே படத்தின் உண்மையான திகில். அன்று அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த வேளையில், பிள்ளைகளைக் கூடத்தில் விட்டுவிட்டு நாம் அனைவரும் பக்கத்து அறையில் பொதுக்குழுக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பயம் என்பதே தீங்கற்றது என்றும் நான் வாதிடவில்லை. சிறு வயதில் பார்த்த ஒரு காட்சி வளர்ந்த பிறகும் விடாமல் தொடர்வதுண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் திரை அச்சங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோஆன் கேன்டர், 1999இல் சக ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படி ஒரு நினைவைச் சொன்னார்கள். சிலருக்கு அந்தக் கலக்கம் அப்போதும் தீர்ந்திருக்கவில்லை. அவருடைய மற்றொரு முடிவு நமக்கு நேரடியாகப் பயன்படும். பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகள் தோற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். உருவம் விகாரமாகும் கணமே அவர்களுக்குத் தாங்காது. ‘இது நிஜமில்லை’ என்று சொன்னால் அவர்களுக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை, மடியில் அணைத்துக்கொள்வதுதான் உதவுகிறது. ஏழெட்டு வயதுக்கு மேல் நிலைமை மாறுகிறது. அப்போது விளக்கம் பலிக்கிறது.

அன்று நாம் செய்தது இரண்டு வகையிலும் தலைகீழ். நான்கு வயதுக் குழந்தையையும் பதின்மூன்று வயதுச் சிறுவனையும் ஒரே பாயில் உட்காரவைத்தோம். அணைத்துக்கொள்ள ஆளில்லாமல் சிறியவர்களை முன்வரிசையில், திரைக்கு மிக அருகில் வைத்தோம். விளக்குகளை அணைத்து, பண்டிகைக்குப் பாட்டுப் போடும் பெரிய ஒலிபெருக்கியை இணைத்தோம். பொருளில்லாத சொற்களைக் குழந்தைகள் சேர்ந்திசையாகப் பாடும் புரூனோ கூலேயின் இசை அந்த ஒலிபெருக்கியில் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அமெரிக்காவில் இந்தப் படத்துக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்ற சான்றும், அச்சமூட்டும் காட்சிகள் உண்டு என்ற குறிப்பும் 2009இலேயே தரப்பட்டிருக்கின்றன. நமது அறிவிப்புப் பலகையிலோ ‘அனைத்து வயதினருக்கும்’ என்று எழுதியிருந்தது. அதை எழுதியது அந்த மாணவி அல்ல என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அவர் குழுவுக்கு அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினார். கூட்டம் குறைந்துவிடும் என்று அந்த வரி நீக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவரை விடுவித்த முடிவைத் திரும்பப் பெறுவது நியாயம் மட்டுமல்ல, சங்கத்தின் கடமையும்கூட. நமது குடியிருப்பில் படத்தை முன்கூட்டியே முழுதாகப் பார்த்துவிட்டுத் தேர்வு செய்த ஒரே ஆள் அவர்தான்.

‘மனத்துக்கு இதமான’ படங்கள் மட்டும் என்ற இரண்டாவது முடிவு நடைமுறையில் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். தாய் மான் சாகும் படம், தந்தைச் சிங்கம் சாகும் படம், அம்மா மீன் தின்னப்படும் படம் என்று நம் பிள்ளைகள் பலமுறை பார்த்து ரசித்த புகழ்பெற்ற கார்ட்டூன்கள் எல்லாமே இந்த விதியின்படி வெளியேற வேண்டியவை. மிஞ்சுவது பல் துலக்குவதன் அவசியத்தைச் சொல்லும் படங்கள். அவற்றையும் காட்டலாம், ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதற்காகக் கூடத்துக்கு வராது, அறைக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் நாம் அறியாத எதையாவது பார்க்கும். அங்கே பாதியில் அணைக்கவும் ஆளில்லை, மீதியை விளக்கவும் ஆளில்லை.

என் மகளுக்குப் பத்து வயது. அன்று பின்வரிசையில் இருந்தவள். மறுநாளே வீட்டில் மீதிப் படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஊசிக்கை துரத்தி வரும் காட்சியில் தலையணையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஆனால் தலையணையின் ஓரத்தில் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. கிணறு மூடப்பட்டதும் தலையணை கீழே வந்தது. அதற்குப் பின் அவள் கேட்டது பேயைப் பற்றி அல்ல, கோரலைனுக்குத் துணையாக வரும் பேசும் பூனையைப் பற்றி: “அந்தப் பூனை ஏன் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லவில்லை?” என்றுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கும் அடுத்த நாளிலிருந்து அவள் மாலையில் ஊஞ்சல் அருகே மற்ற பிள்ளைகளுக்கு முடிவைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை பூனை வெல்கிறது, ஒருமுறை கிணற்றுக்குள் தண்ணீர் பொங்குகிறது, ஆளுக்கு ஏற்றபடி கதை மாறுகிறது என்று கேள்விப்படுகிறேன். கேட்க வருகிற கூட்டம் குறையவில்லை என்பதையும் சங்கம் கவனத்தில் கொள்ள வேண்டும். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

எனவே என் வேண்டுகோளின் நடைமுறை இதுதான். பொதுக்குழுக் கூட்டமோ வேறு எந்தக் கூட்டமோ இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, சன்னல் திரைகள் பாதி திறந்திருக்க, வீட்டுத் தொலைக்காட்சியின் அளவுக்கு ஒலியைக் குறைத்து, படத்தின் இரண்டாம் பாதியைப் போடுவோம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் வரலாம். ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு. எழுந்து போக விரும்பும் பிள்ளை எழுந்து போகலாம். கதவு திறந்தே இருக்கட்டும். ஆனால் ஒரு பிள்ளை போவதற்காக மற்றவர்களுக்குப் படத்தை நிறுத்த வேண்டாம். அன்று அழுத சிறு குழந்தைகளைத் திரும்ப அழைத்துவந்து உட்காரவைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களுக்கு வீட்டிலேயே, மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் கெட்டவளை ஏமாற்றிவிட்டு அம்மா அப்பாவோடு வீடு திரும்பிவிட்டாள் என்று முடிவை வாயால் சொன்னால் போதும். எத்தனை முறை கேட்டாலும் சொல்ல வேண்டும். கண்ணிமையைத் தொட்டுப் பார்க்கும் அந்தச் சிறுவனின் தாயிடம் இதைத் தனியாகவும் சொல்லியிருக்கிறேன்.

படம் முடிந்த பிறகு, விரும்புகிற பிள்ளைகளோடு அந்த மாணவி ஒரு மணி நேரம் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். களிமண்ணில் ஒரு பொம்மை செய்து, கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, வினாடிக்குப் பன்னிரண்டு படம் வீதம் அதை அவர்களே நடக்கவைக்கலாம். பொம்மையின் கையை நகர்த்துவது தன் கைதான் என்று ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளைக்கு, பொத்தான் கண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை எங்கே தைப்பது என்ற வேலைக்கணக்கு வந்துவிடும். களிமண்ணும் பழைய சட்டைப் பொத்தான்களும் நான் கொண்டுவருகிறேன். கூடத்தின் தரையைத் துடைத்துக் கொடுக்கும் பொறுப்பும் என்னுடையது. இதைச் சொல்லாவிட்டால் அடுத்த சுற்றறிக்கை அதைப் பற்றித்தான் இருக்கும் என்று அறிவேன்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கோரிக்கையைச் சேர்த்து, முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் எவரேனும் இதற்கு மறுப்புத் தெரிவிக்க விரும்பினால், முதலில் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்து பேசும்படி வேண்டுகிறேன். என்னிடம் குறுந்தகடு இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்